தூரம், தண்ணீர், நம்ம ஆளுங்க

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கோச்சிங் கம்பெனியில் எனக்கு வேலை. நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு லாஜிக் கேள்விகள் தயாரிக்க வேண்டும். ஒரு குட்டி வாதம் எழுதி, அதில் சொல்லாமலே விட்ட அனுமானம் எது என்று கேட்பேன். கீழே நான்கு விடைகள். ஒவ்வொன்றையும் தலைகீழாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். எதை மாற்றினால் வாதம் மொத்தமாகப் படுத்துவிடுகிறதோ, அதுதான் விடை. நாள் முழுக்க இதே பிழைப்பு. ரூமுக்கு வந்த பிறகு யாராவது "அதனால" என்று ஆரம்பித்தாலே எனக்குத் தலை வலிக்கும்.

ரூம் என்றால் பி.ஜி. விடுதி. கட்டில், அதற்கு மேல் துணி, துணிக்கு மேல் லேப்டாப். அந்தக் கட்டிடத்தையும் யாருக்கோ விற்றுவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நானும் ரூம்மேட்டும் சேர்ந்து வீடு தேட ஆரம்பித்தோம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ரூம். ரெண்டு பொங்கலுக்கு அவன் ஊருக்குப் போய் அவன் அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறேன். எங்கே போனாலும் சேர்ந்தே போவோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பார்த்த வீடெல்லாம் ஒரே பாட்டு. பேச்சிலர் என்றால் குடிப்பான், குடித்தால் கத்துவான், அதனால் வீடு கிடையாது. அந்த வாதத்தில் லாரியே போகலாம், அவ்வளவு ஓட்டை. எடுத்துச் சொல்லத் தெம்பில்லை.

ஜீவனஹள்ளி வீட்டைக் கண்டுபிடித்தது அவன்தான். அவனுடைய புது ஆபீஸ் காக்ஸ் டவுன் பக்கம், நடந்தே போய்விடலாம். எனக்குத்தான் தூரம். கம்பெனி கேப் இருக்கிறதே, அதில் தூங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று நானே சொல்லியிருந்தேன். மாடியில் ஒரு ரூம், ஹால், ஜன்னல் வைத்த கிச்சன். அவன் குழாயைத் திறந்து, "பிரஷர் பாரு மச்சி, மூஞ்சியில அறையுது!" என்று கத்தினான். வெயிலில் அலைந்ததில் டீ டீ என்று காலையிலிருந்து அனத்திக்கொண்டும் இருந்தான்.

ஓனர் ஆன்ட்டி கீழே இருந்தார். மொட்டை மாடி டேங்கைப் பார்க்க அவன் போன நேரத்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எந்த ஊருப்பா?"

சொன்னேன்.

"ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்கு என்று ஊரில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த வீடும் போச்சு. சுற்றி வளைக்க அலுப்பாக இருந்ததால் நேராகவே சொன்னேன்.

"காலனி."

ஆன்ட்டி மூச்சு விட்டார். "அப்பாடா. தப்பா எடுத்துக்காத கண்ணா. முன்னாடி ரெண்டு பார்ட்டி வந்து எல்லாம் பேசி முடிச்சிட்டு, எங்க ஹாலப் பாத்ததும் போயிட்டாங்க. ஒருத்தன் தூரம்னான், ஒருத்தன் தண்ணி சரியில்லன்னான். அதான் இப்பல்லாம் முன்னாடியே கேட்டுர்றது. பேஜாரு பாரு."

அப்போதுதான் நான் உட்கார்ந்திருந்த ஹாலைப் பார்த்தேன். சுவரில் புத்தர் படம், அதற்கு முன்னால் மெழுகுவத்தி. ஆன்ட்டியும் காலனி ஆள்தான். யாரை வெளியே நிறுத்த அந்தக் கேள்வி என்று நான் நினைத்தது அப்படியே தலைகீழ்.

அவன் இறங்கி வந்தான். ஆன்ட்டி டீ நீட்டினார். வாங்கிக்கொண்டே சுவரைப் பார்த்தான்.

"கிறிஸ்டியனா ஆன்ட்டி?"

"இல்லப்பா, புத்திஸ்ட். எங்க தாத்தா காலத்துல இருந்தே."

"ஓ." டீயை அப்படியே டீப்பாய் மேல் வைத்தான். "இப்பதான் குடிச்சோம் ஆன்ட்டி. போன் பண்றோம்."

நான் என் டீயைக் குடித்து முடித்தேன். அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். அப்புறம் ஆரம்பித்தான்.

"தூரம்டா மச்சி. உனக்காகத்தான் சொல்றேன்."

"கேப் இருக்கேடா."

"தண்ணியும் டவுட்டுதான். சம்மர்ல பாரு, டேங்கர்தான்."

"மூஞ்சியில அறையுதுன்ன?"

"டேய், எதுக்கெடுத்தாலும் ஆபீஸ் கொஸ்டின் மாதிரி நோண்டாத." குரலைத் தாழ்த்தினான். "புரிஞ்சுக்கடா. நாளைக்கு எங்கம்மா வந்து தங்கணும்ல? நம்ம ஆளுங்க இருக்கிற ஏரியாவா பாப்போம்."

கேள்வி தயாராகிவிட்டது. தூரத்தை எடுத்தேன், வாதம் விழவில்லை. தண்ணீரை எடுத்தேன், விழவில்லை. மீதி இருந்தது அந்த "நம்ம". அதற்குள் நானும் இருக்கிறேன் என்று இத்தனை நாள் அவனாகவே போட்டுவைத்திருந்தான். அவன் கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை. இதை மாற்றிப் போட்டால் வாதம் மட்டும் விழாது, அவன் ஊர்ப் பொங்கலும் சேர்ந்து விழும். தெரிந்துதான் போட்டேன்.

"நான் காலனிடா."

ஒரு பஸ் வந்து நின்று போனது. நாங்கள் ஏறவேண்டிய பஸ்தான்.

"டேய், நான் அப்டிலாம் பாக்கிற ஆளாடா? நான் தண்ணிக்காகத்தான்..."

"சரிடா."

"சத்தியமாடா. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல நீ."

எதற்கு முன்னாடி என்று கேட்டிருக்கலாம். நாள் முழுக்க அதைத்தான் கேட்கிறேன், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இலவசமாகக் கேட்க முடியவில்லை. அடுத்த பஸ்ஸில் அவன் ஏறினான். எனக்கு வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டு, ஆன்ட்டிக்குப் போன் போட்டேன்.

"வீடு எனக்கு வேணும் ஆன்ட்டி. நான் ஒருத்தன்தான்."

"அந்தத் தம்பி?"

"வரல."

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"தூரமா, தண்ணியா?"

"ரெண்டும் ஆன்ட்டி."

"ம். ஸ்டாப்லயா நிக்கிற? வா, வந்து சாவிய வாங்கிக்க. சாப்டியா?"

இல்லை என்றேன்.