அழுத்துங்க மாமா

இது கதையில்லை. நடந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கட்டிய மனைவியே நம்பவில்லை, நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் ஒன்று மட்டும் சத்தியம். அன்று அந்தப் பெடலில் நான் கால் வைக்கவில்லை.

நான் கார் மெக்கானிக். ஆள் குள்ளம் என்பதால் ஊருக்கே நான் 'அரையடி'. என்னிடம் வேலை பார்த்தவன் என் மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. ஆறடிக்கு மேல் வளர்ந்த பையன், வாய் ஓயாது. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தினமும் நாங்கள் கிளம்பும்போது என் மனைவி ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டாள். "உங்களை நம்பித்தான் அவனை அனுப்புறேன்."

ஒரு டாக்டர் பழைய வீடு ஒன்றை வாங்கினார். அதன் ஷெட்டில் நின்ற காரும் சேர்ந்தே வந்தது. இரண்டே சீட்டு, தரையோடு தரையாகக் கிடக்கும் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். கிளட்ச் கேபிள் போய்விட்டது என்றார். ஓட்டிவர வழியில்லை என்பதால் நாங்களே புதுக் கேபிளோடு போனோம்.

ஷெட்டின் தரை வாசலைப் பார்த்துச் சரிந்திருந்தது. ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை கியரில் போட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு செங்கலைக் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம். வண்டியைப் பிடித்து நிறுத்தியது அந்த கியர்தான். கிளட்சை அழுத்தினால் அந்தப் பிடி விட்டுவிடும். ஆனால் கேபிள்தான் இல்லையே! பெடலை நூறு தரம் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. அந்த தைரியத்தில் இறங்கினோம்.

டிரைவர் சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளிவிட்டு, தலையை உள்ளே நுழைத்துப் பழைய கேபிளைக் கழற்றினேன். தானாக அறுந்த கேபிள் நார் நாராகப் பிரிந்திருக்கும். இது ஒரே வெட்டில் துண்டாகியிருந்தது. எந்தப் புண்ணியவான் பார்த்த வேலையோ என்று திட்டிக்கொண்டேன்.

ஒரு நட்டு மரை தேய்ந்திருந்தது. வேறு வாங்கிவர மைத்துனனைக் கடைக்கு அனுப்பினேன். மணி ஆறே முக்கால், வெளியே நல்ல மழை. நான் வண்டிக்குக் கீழே படுத்து கியர்பாக்ஸ் பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டி லேசாக அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. பயல் வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

பெடல் சிக்காமல் போய்வருகிறதா என்று பார்க்க, "அழுத்து" என்றேன்.

டக். பெடல் தரையைத் தொட்டது.

"விடு." விட்டான். "இன்னொரு தரம்."

டக்.

என் போன் அடித்தது. மைத்துனன். "மாமா, இந்தக் கடையில நட்டு இல்ல. அடுத்த தெருவுல பாத்துட்டு வரவா?"

எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. வண்டியில் யாரும் இல்லை. ஆனால்... நான் பின்னுக்குத் தள்ளிய சீட்டு முன்னால் வந்திருந்தது. என்னைப் போன்ற குள்ளன் உட்கார்ந்தால் கால் எட்டும் அளவுக்கு. மறுபடியும் அதைப் பின்னுக்குத் தள்ளிவைத்தேன்.

மைத்துனன் வந்ததும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அதுக்கும் சேத்து சம்பளம் குடுத்துடுங்க மாமா" என்றான். நாளைக்கு வந்து முடிக்கலாம் என்றேன். பத்து நிமிட வேலை, நானே கீழே போகிறேன் என்று படுத்துவிட்டான். வேலை முடிந்ததும் அழுத்தச் சொல்லாதே, ஜாக்கியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு தரம் சொன்னேன். சரி மாமா, சரி மாமா என்றான்.

நான் கதவைத் திறந்துவைத்து வெளியே நின்றேன். டார்ச் வெளிச்சம் பெடல் மேல். மேல்பக்கம் கேபிளை மாட்டியாயிற்று. கீழே ஸ்பேனர் சத்தம் மட்டும்.

மணி ஏழு இருபது. ஸ்பேனர் சத்தம் நின்றது.

வாய்ப் பழக்கம். வருஷக்கணக்காகச் சொன்ன வார்த்தை, அவனை அறியாமல் வந்துவிட்டது.

"அழுத்துங்க மாமா."

நான் அசையவில்லை.

கடக்... சீட்டு முன்னால் நகர்ந்தது.

பெடல்... மெதுவாக... கீழே...

"வெளிய வாடா!"

பாய்ந்து பெடலை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். வரவில்லை. என் விரல்களின் மேல் ஒரு காலின் கனம்...

செங்கல் நொறுங்கியது.

ஜாக்கி சரிந்தது.

அவன் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

உயிர் தப்பினான். வலது காலை முட்டிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கல்யாணம் நின்றுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் என்னைத் திட்டவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நீங்கதான மாமா அழுத்துனீங்க?"

இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னைத் தூக்கறப்ப பாத்தேன் மாமா. சீட்டு உங்க அளவுக்கு இருந்துச்சே."

பக்கத்தில் நின்ற என் மனைவி அதைக் கேட்டாள். அன்றிலிருந்து தட்டில் சோறு வைக்கிறாள், முகம் பார்த்துப் பேசுவதில்லை.

மூன்று மாதம் கழித்து, அந்த வீட்டை விற்றவரின் நம்பரை டாக்டரிடம் வாங்கிப் பேசினேன். அவருடைய அப்பா அதே ஷெட்டில், அதே காருக்கு அடியில் செத்துப்போனாராம். பக்கத்தில் இருந்தது அம்மா மட்டும். மறுநாளே கட்டிங் பிளேயரை எடுத்துப் போய்க் கேபிளை வெட்டியது அம்மாதானாம்.

"சாகற வரைக்கும் அம்மாவுக்கு ஒரே பேச்சுதாங்க. நான் வண்டியில ஏறவே இல்லடான்னு. நாங்க யாரும் நம்பல. அவங்க ரொம்பக் குள்ளம். சீட்டு அவங்க அளவுக்கு இருந்துச்சே."

போனை வைத்ததும் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். ஷெட் காலி. போன வாரமே விற்றுவிட்டாராம். வாங்கியவர்கள் புருஷன் பெண்டாட்டியாக வந்து, கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனார்களாம். அவர்கள் விலாசம் டாக்டருக்குத் தெரியவில்லை.

என் மைத்துனன் மாட்டிய கேபிள் அதிலேயேதான் இருக்கிறது.