சாக்கு மண்

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் கலா இன்று காலை சிமெண்டுச் சாக்கைக் கவிழ்த்து உருளைக்கிழங்கு பொறுக்கினாள். ஈர மண் வாசம் வந்தது.

"நம்ம ஊட்டு மண்ணுதானுங்கப்பா. பாதியக் கேளுங்க," என்று சிரித்தான் என் மகன்.

அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது.

என் சின்ன வயதில் சிங்காநல்லூரில் நாங்கள் லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முளைவிட்ட கிழங்குகளை அம்மா வீசவில்லை. சாக்கின் அடியில் ஓட்டை குத்தி, வாசல் மண்ணும் சாணியும் போட்டு நட்டாள். மில்லிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். செடி காய்ந்ததும் கவிழ்த்தோம். ஒரு குண்டா நிறையக் கிழங்கு.

வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"மண்ணு என்னுது அம்மணி. அப்பக் கெழங்கும் என்னுதுதானே?" சிரித்துக்கொண்டே குண்டாவுக்குக் குனிந்தார்.

அம்மா குண்டாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அவர் வாசலுக்குப் போனாள். குடத்துத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொரு கிழங்காகத் தேய்த்துக் கழுவினாள். சேறு அவர் வாசற்படியில் ஓடியது. சாக்கு மண்ணையும் இழுத்து வந்து அங்கேயே கொட்டினாள்.

"உங்க மண்ணு பூராவும் இருக்குதுங்க. பாத்து எடுத்துக்கோங்க."

அடுத்த மாதமே எங்களைக் காலி செய்யச் சொன்னார். செய்தோம்.

மகன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வாய மூடுடா. அந்தப் புள்ளைக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கிக் குடு. கெழங்கக் கழுவட்டும்," என்றேன்.