இசைத்தட்டுப் பெரியவர்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் திருகோணமலைச் சனம் கடற்கரைக்குப் போகும், இல்லாவிட்டால் படுத்து உறங்கும். நாங்கள் மூன்று பேர் மட்டும் ஜன்னல்களை எல்லாம் பூட்டிக்கொண்டு, வியர்த்து ஒழுக ஒழுக, இந்த ஊரில் வேறு ஒருவரும் கேட்காத பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருப்போம். இடம், உட்துறைமுகத்துக்குப் போகிற தெருவில் எலெக்ட்ரீசியனின் வீட்டு முன்னறை. அவர் கப்பல்களிலும் இழுவைப் படகுகளிலும் வயரிங் வேலை செய்கிறவர். இந்த மாவட்டத்திலேயே ஒழுங்காக ஓடுகிற ரெக்கோட் பிளேயர் தன்னுடையது ஒன்றுதான் என்று அவருக்கு நெஞ்சு நிறையப் பெருமை. நாங்களும் அதை நம்பித்தான் இருந்தோம்.

மூன்று பேருக்குள் இரண்டு கட்சி. மாஸ்டரும் நானும் சைக்கடெலிக் றொக் கட்சி. மாஸ்டர் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர், நான் துறைமுகத்தில் களஞ்சியம் பார்க்கிறவன். எங்களுக்கு ஒரு பாட்டு பிடிக்க வேண்டுமென்றால் அதில் கிற்றார் வழி தவறி எங்கேயாவது போய்விட வேண்டும். பாடுகிறவன் தண்ணீருக்கு அடியில் இருந்து பாடுகிறானா, காய்ச்சலில் படுத்துக்கொண்டு பாடுகிறானா என்று விளங்கக் கூடாது. எலெக்ட்ரீசியன் ஆபிரிக்க பொப் கட்சி. கானா, நைஜீரியா, கொங்கோ என்று எங்கே ஒரு கிற்றார் சிரித்தாலும் அவருக்குக் கால் ஆடத் தொடங்கிவிடும். "உங்கட ஆக்கள் பாட்டுப் பாடேல்ல, மருந்து தேடுகினம்" என்று எங்களைக் கிண்டல் பண்ணுவார். கட்சியில் அவர் தனி ஆள்தான். ஆனால் பிளேயரும் அவருடையது, வீடும் அவருடையது, தேத்தண்ணீரும் அவருடையது என்பதால் எங்கள் பெரும்பான்மையால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பாட்டுப் போடுகிறவர் முன்கூட்டி ஒன்றும் சொல்லக் கூடாது. பாட்டு ஓடும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கடைசிச் சத்தம் அடங்கிய பிறகு, போட்டவர்தான் முதலில் கதைக்க வேண்டும். எதற்காக இதைக் கொண்டுவந்தார் என்ற உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும். "நல்ல பாட்டு, அதுதான்" என்று சொன்னால் செல்லாது. இந்தச் சட்டத்தால் எங்களுக்குள் ஒளிவு மறைவு இல்லாமல் போயிற்று. மாஸ்டர் வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்தது இப்படித்தான் தெரியவரும். எலெக்ட்ரீசியன் தம்பலகாமத்தில் தண்ணீர்ப் பம்ப் திருத்தப் போய், யானைக்குப் பயந்து மரத்தில் ஏறி இருந்ததும் இப்படித்தான் தெரியவந்தது. அதற்கு அவர் போட்டது எக்காளங்கள் பிளிறுகிற ஒரு நைஜீரியப் பாட்டு.

இரண்டு கட்சியும் சண்டையில்லாமல் கும்பிட்ட இசைத்தட்டு ஒன்றே ஒன்று. கோதுமைக் கப்பலில் வந்த ஆபிரிக்க மாலுமி ஒருவர் எலெக்ட்ரீசியனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. உறை இல்லை. நடுவில் ஒட்டியிருந்த தாளும் ஈரத்தில் உரிந்து போயிருந்தது. யார் பாடியது, எந்த நாடு, எந்த மொழி, ஒன்றும் தெரியாது. பெரிய தட்டு, ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு.

அந்தப் பாட்டில் ஒருவர் பாடுவார். அடித் தொண்டையில் இருந்து, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் பாரம் தூக்குவது போலத் தூக்கி வைப்பார். பின்னால் மேளம் காலை இழுத்து இழுத்து நடக்கும். கிற்றார் கிணற்றுக்குள் இருந்து குமிழி விடும். இடையிடையே ஆண்கள் கூட்டமாக முனகுவார்கள். நாங்கள் அவருக்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தோம். ஆபிரிக்கா என்பதால் எலெக்ட்ரீசியன் தன் கட்சி என்றார். இவ்வளவு மயக்கம் உள்ள பாட்டு எங்கள் கட்சியைத் தவிர வேறு எங்கும் இருக்க ஏலாது என்று நாங்கள் சொன்னோம். பெரியவரின் மனைவி இறந்துவிட்டாள், அவர் ஆற்றங்கரையில் தனியே இருந்து அவளைக் கூப்பிடுகிறார், ஊர்ச் சனம் ஒப்பாரி வைக்கிறது என்று மாஸ்டர் விளக்கம் எழுதாத குறை. மொழி தெரியாதது அவருக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை. பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லுகிற செயலி ஒன்று மாஸ்டரின் போனில் இருந்தது. அதற்கும் பெரியவரைத் தெரியவில்லை. உலகத்துக்கே தெரியாத மனிதர் எங்களிடம் இருக்கிறார் என்று நாங்கள் அன்றைக்குப் பூரித்துப் போனோம்.

இனி என் கதை. ஐம்பது வயது வரைக்கும் தனி ஆளாக இருந்தவன் நான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் நாட்டு நிலைமை சரியில்லை. நிலைமை சரியானபோது பேச்சு வரவில்லை. இதில் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிட்டப் பார்வை மங்கி, வாசிக்கிற கண்ணாடி வாங்கப் போன கடையில் அந்த நினைப்பு தொலைந்தது.

கடைக்காரி நாற்பது தாண்டியவள், கணவனை இழந்தவள். பிரான்சில், பரிஸ் நகரத்தில் பல வருடம் தமையனோடு இருந்துவிட்டு, தாயைப் பார்க்க வந்தவள் இங்கேயே கடை போட்டுவிட்டாள். என் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவோ, அது தெளிவோ?" என்று கேட்டாள். அவளுடைய மேசையில் போன் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. கொங்கோக் கிற்றார்! திருகோணமலையில், கண்ணாடிக் கடையில், அரிசிப் பொரி பொரிவது போன்ற கொங்கோக் கிற்றார்! எனக்கு எழுத்தும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை. "எல்லாம் தெளிவு" என்று சொல்லிவிட்டேன். அதனால் பிழையான கண்ணாடி கிடைத்தது. அதை மாற்றப் போனேன். மாற்றியதை இறுக்கப் போனேன். இறுக்கியதைத் தளர்த்தப் போனேன். போகும்போதெல்லாம் ஆளுக்கொரு பாட்டு போனில் அனுப்பிக்கொண்டோம். நான் அனுப்பிய றொக் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, "இது முடியுறதுக்குள்ள நான் ஒரு கறி வைச்சு இறக்கிப்போட்டன்" என்று எழுதுவாள். எனக்கு அது போதும். நடுத்தெருவில் நின்று சிரிப்பேன்.

அந்த நேரத்தில்தான் தமையன் அவளைத் திரும்பி வரச்சொல்லிக் கரைச்சல் கொடுக்கத் தொடங்கினார். கடையை யாருக்காவது கொடுத்துவிட்டு வா, இந்த ஞாயிறு முடிவு சொல்லு என்று கேட்டிருந்தார். அவள் அதைச் சொல்லும்போது கண்ணாடி துடைக்கிற துணியால் ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் அவளைக் கல்யாணம் கட்டக் கேட்பதென்றால் அந்த ஞாயிறு கேட்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்டாலும் ஒன்றுதான், கேளாமல் விட்டாலும் ஒன்றுதான்.

நண்பர்களிடம் சொன்னேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று விளங்கியது.

"நேர கேக்க உம்மால ஏலாது" என்றார் மாஸ்டர். "உமக்கு நாக்குத் தடக்கும். இஞ்ச கூட்டிக்கொண்டு வாரும். பெரியவரைப் போடும். முடிஞ்ச உடன காரணம் சொல்லத்தானே வேணும்? சட்டம் சொல்ல வைக்கும்."

"பெரியவரைக் கேட்டுப்போட்டு ஒரு மனிசி மாட்டன் எண்டு சொல்லுவாவோ?" என்றார் எலெக்ட்ரீசியன். "கல்லும் கரையும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என்னுடைய தனிமையைப் பெரியவரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

ஞாயிறு வந்தது. அவள் வந்தாள். ஊருக்குள் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று வாசலில் நின்று அவள் கொண்டுவந்த வாழைப்பழத்தில் பாதியைத் தின்றுவிட்டது. மிச்சத்தோடு உள்ளே வந்து, சட்டங்களைக் கேட்டுத் தலையாட்டி, நல்ல கதிரையில் இருந்தாள். எலெக்ட்ரீசியன் புதுச் சட்டை போட்டிருந்தார். மாஸ்டர் கண்ணை மூடி, கைகளைக் கட்டிக்கொண்டு, பூசைக்கு இருப்பது போல இருந்தார். நான் ஊசியை வைத்தேன்.

பெரியவர் தொடங்கினார். மேளம் காலை இழுத்தது. குமிழிகள் எழும்பின. அவள் தலையைக் கொஞ்சம் சரித்து, புருவத்தை நெரித்துக் கேட்டாள். ஆண்கள் முனகுகிற இடம் வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் வழக்கமாக மயிர்க்கூச்செறிகிற இடம்.

அவள் களுக் என்று சிரித்தாள்.

உடனே கையால் வாயைப் பொத்தினாள். பிரயோசனம் இல்லை. தோள் குலுங்கியது. கைலேஞ்சியை எடுத்து முகத்தை மூடினாள், அதற்குள் இருந்தும் சிரிப்பு வந்தது. மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். எலெக்ட்ரீசியன் கூரையைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்க ஏலாது. பெரியவரோ முடிக்கிற ஆள் இல்லை. அவர் பாட்டுக்குப் பாரம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு கோபம் வந்தது. மனைவி செத்த மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறவளா இவள்? பிறகு, அவள் பெரியவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள், எதற்காகக் கூட்டிவந்தேன் என்பதை விளங்கிக்கொண்டு சிரிக்கிறாள் என்று தோன்றியது. அது தோன்றியவுடன் எழும்பித் துறைமுகத்துக்குள் பாய்ந்துவிடலாமா என்றிருந்தது.

பாட்டு ஒருவழியாக முடிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டப்படி நான்தான் முதலில் கதைக்க வேண்டும். பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். கோபத்தில் எனக்கு நாக்குத் தடக்கவில்லை.

"உங்களைக் கலியாணம் கட்டக் கேக்கத்தான் போட்டனான்" என்றேன். "இப்ப சிரிக்கிறதெண்டால் நல்லாச் சிரியுங்கோ."

அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றது. கைலேஞ்சி கீழே விழுந்தது.

"ஐயோ" என்றாள். "நீங்கள் இதையோ போட்டனீங்கள் அதுக்கு?"

"ஏன், இதுக்கு என்ன?"

"இது பொம்பிளைப் பிள்ளை பாடுறதல்லோ!"

அவள் எழும்பி, பிளேயருக்குப் பக்கத்தில் போய், ஊசியைத் தூக்கித் தொடக்கத்தில் வைத்தாள். பிறகு தட்டின் நடுப்பகுதியில் விரலை வைத்து அதை வேகமாகச் சுற்றினாள். பெரியவரின் குரல் ஏறியது. ஏறி, ஏறி, இளகி, ஒரு குமரியின் குரலாகி, துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. இழுத்து நடந்த மேளம் ஓடத் தொடங்கியது. கிணற்றுக் குமிழி எல்லாம் கொங்கோக் கிற்றாராகக் கொட்டியது. ஒப்பாரி வைத்த ஊர்ச் சனம், பள்ளிக்கூடம் விட்ட பெண்பிள்ளைகளாகி, கூவிச் சிரித்தது.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எலெக்ட்ரீசியன் பிளேயரின் வேக விசையைத் தடவிப் பார்த்தார். அது தானாக வழுக்குகிறது என்று, எப்போதோ அவரே பசை விட்டு மெதுவான பக்கத்தில் இறுக்கி ஒட்டியிருந்தார். பெரிய தட்டு என்றால் மெதுவாகத்தான் ஓட வேண்டும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் வேதவாக்கு. வேகமாக ஓட வேண்டிய பெரிய தட்டும் உலகத்தில் உண்டு என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

"பரிசில எங்கட வீட்டுக்குக் கீழ ஒரு மண்டபம்" என்றாள் அவள், விரலை எடுக்காமல். "சனிக்கிழமை எண்டால் ஆபிரிக்கச் சனத்தின்ர கலியாணம். கலியாணப் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வரேக்க இதைத்தான் போடுவினம். பாட்டில, மாப்பிள்ளை பிந்தி வந்திட்டானாம், சோறு ஆறிப்போச்சாம், கொஞ்ச நேரம் வெளியில நிக்கட்டுமாம். பக்கத்து வீட்டு ஆபிரிக்க மனிசி அர்த்தம் சொன்னவ."

மாஸ்டருக்கு அது போதும். மனைவியைப் பறிகொடுத்த ஆற்றங்கரைக் கிழவனுக்காக இத்தனை ஞாயிறு கண் கலங்கிய மனிதர், கதிரையைத் தள்ளிவிட்டு ஆடத் தொடங்கினார். எலெக்ட்ரீசியன் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, "எங்கட கட்சி! எங்கட கட்சி!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்திக்கொண்டு ஆடினார். நானும் ஆடினேன். ஐம்பது வயதில், கோபம் ஆறாமலே, என்ன செய்கிறேன் என்று தெரியாமல் ஆடினேன். சந்தோசத்துக்கும் வெட்கத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

பாட்டு முடியப் போகிற இடத்தில் அவளுக்குக் கை உளைந்தது. நான் என் விரலை வைத்தேன். பதற்றத்தில் கூடச் சுற்றிவிட்டேன், குமரி சின்னக் குழந்தையாகிக் கீச்சிட்டாள். அவள் சிரித்துக்கொண்டு என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து, வேகத்தை இறக்கி, பாட்டை முடித்துவைத்தாள். மற்ற இருவரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எங்களைப் பார்க்காதவர்கள் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மெல்லக் கேட்டேன். "அண்ணருக்கு இண்டைக்கு முடிவு சொல்ல வேணுமெண்டனீங்கள்?"

"ஓம்."

"என்ன சொல்லப் போறீங்கள்?"

அவள் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இஞ்ச ஒரு ரெக்கோட் பிளேயர் பிழையா ஓடிக்கொண்டிருக்கு, அது திருந்தும் வரைக்கும் என்னால வர ஏலாது எண்டு சொல்லப்போறன்."

எலெக்ட்ரீசியன் நல்ல மனிதர். ஆனால் வேலை என்று வந்தால் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. "இதென்ன பெரிய வேலை, இப்பவே திருத்தித் தாறன்" என்று ஸ்குரூ டிரைவரோடு ஓடி வந்தார். நான் பாய்ந்து அதைப் பறித்து, திறந்திருந்த ஜன்னலால் தெருவுக்கு எறிந்தேன்.