எத்திராஜின் மாடும் கோதண்டம் சாரின் சட்டையும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் நேற்றுக் காலை இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, என் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு வாழ்த்து. செயலாளர் போட்டது, அவள் படத்தோடும் மதிப்பெண்ணோடும். யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். பாதிப் பேருக்கு எந்த கோச்சிங் சென்டர் என்று தெரிந்தாக வேண்டும். இரண்டாவது செய்தி, எங்கள் கேட் முன்னால் ஒரு மாடு நிற்கும் புகைப்படம். "பயங்கர நாற்றம், குழந்தைகள் நடமாடும் இடம், உடனே மாநகராட்சிக்குப் புகார் செய்யுங்கள்" என்று மூன்றாவது மாடிக்காரர் கொதித்திருந்தார். அந்த ஆள் தன் நாயை எங்கே கூட்டிப்போய் என்ன செய்ய வைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் கட்டுரை கெட்டுவிடும்.

பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். சாண வாசனை மேலே வரைக்கும் வந்தது. இன்று எனக்கு அது நாற்றமாகத் தெரியவில்லை. அந்த வாசனையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நான் மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்குப் போனேன்.

எண்பதுகளின் தொடக்கம். ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்போது வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். எங்கள் காலனியில் இருந்தவர்கள் எல்லாம் மாதச் சம்பளக்காரர்கள். லோன் போட்டு வீடு கட்டிவிட்டு, அந்த வீட்டைவிடப் பெரிய பெயராக அதற்கு வைத்துவிட்டு, காலையில் தாம்பரத்துக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிற கூட்டம். இந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு வியாதி உண்டு. பையன் டாக்டராக வேண்டும். பெண் என்றாலும் டாக்டர், அது முடியாவிட்டால் டாக்டருக்குக் கட்டிக்கொடுப்பது. வேறு தொழிலே உலகத்தில் கிடையாது. கைமாற்றாக வாங்கிய சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள்கூட, "தம்பி என்ன, டாக்டர்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவார்கள்.

இந்த வியாதிக்குத் தலைமை வைத்தியர் கோதண்டம் சார். காலனி சங்கத் தலைவர். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்ட். தன் வாழ்நாளில் ஒரே ஒரு இன்டர்வியூவுக்குப் போனவர், அதுவும் அவருடைய மாமா அங்கே வேலை பார்த்ததால். இருந்தாலும் யார் வீட்டுப் பிள்ளைக்கு இன்டர்வியூ என்றாலும் அவரிடம்தான் அனுப்புவார்கள். என்னையும் அனுப்பினார்கள். நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் சொல்லிக் கொடுத்தார்.

"ஏன் டாக்டராகணும்னு கேப்பான். டக்குனு சொல்லணும். சர்வீஸ் டு த ரூரல் புவர். அப்புறம் பர்சனாலிட்டி. அதுதாம்ப்பா உனக்கு கம்மி. சட்டையிலயாவது காட்டு."

ரூரல் புவர் என்று அவர் சொன்ன வகையறா அவர் வீட்டுப் பின்புறத்திலேயே குடியிருந்தார்கள். அவர்களுடைய ஆடு உள்ளே வந்துவிடக் கூடாது என்று சுவர் மேல் கண்ணாடித் துண்டு பதித்து வைத்திருந்தார் மனிதர்.

என் அப்பாவுக்குப் பர்சனாலிட்டியில் நம்பிக்கை இல்லை. அவருடைய நம்பிக்கை எல்லாம் சகுனத்தில். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவர், காசு விஷயத்தில் எதையும் சரிபார்க்காமல் நம்பாதவர், பூனை குறுக்கே போனால் மட்டும் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிடுவார். நல்ல சகுனம் தானாக வரும் என்று காத்திருக்கிற ரகமும் அல்ல. முன்கூட்டியே சொல்லி வைத்து வரவழைப்பார். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, பூக்காரம்மா கூடை நிறையப் பூவோடு எதிரே வந்தது தற்செயல் என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு அவர் தேர்ந்தெடுத்தது பசுவும் கன்றும். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த எத்திராஜிடம் ஒரு பழைய வேட்டியைக் கொடுத்துப் பேசி முடித்துவிட்டார். நல்ல நேரம் தொடங்கியதும் எத்திராஜ் தெருமுனையில் இருமுவான். உடனே நான் வலது காலை எடுத்து வாசலைத் தாண்டுவேன். எதிரே பசு வரும், பின்னால் கன்று வரும். ஏற்பாடு அவ்வளவுதான். முதல் நாள் ஒரு முறை ஒத்திகையும் நடந்தது. இதையெல்லாம் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செய்தேன் என்பதை நினைத்தால் எனக்கு என் மேலேயே இளக்காரமாக இருக்கிறது. விலங்கியலில் அத்தனை மதிப்பெண் வாங்கியவன், கதவுக்குப் பின்னால் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவன் இருமுவதற்காகக் காத்திருந்தேன்.

எத்திராஜ் இருமினான். நான் தாண்டினேன். பசுவும் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துக்கு வந்தது. கேட்டைத் திறந்துகொண்டு அதன் பக்கமாகப் போனபோது, அதன் முதுகில் ஓர் ஈ உட்கார்ந்தது. ஈயிடம் அப்பா பேசி வைத்திருக்கவில்லை.

இரவு முழுவதும் சாணத்திலும் மூத்திரத்திலும் ஊறிக் கிடந்த வால். இடது தோளில் தொடங்கி, வெள்ளைச் சட்டையின் மார்பில் குறுக்காக இறங்கி, போகிற போக்கில் கன்னத்திலும் தலையிலும் ஒரு சாத்து சாத்திவிட்டுப் போனது. மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பக்கத்தில் அப்பாவின் முகம். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"லட்சுமிடா! லட்சுமியே தொட்டு அனுப்புறா!"

பக்கத்து வீட்டம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு ஓடி வந்து, சாணி பட்டால் ஐஸ்வர்யம் என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு வீடு தள்ளி இருந்தவர், தலையில் பட்டால் சரி, மார்பில் பட்டால் சந்தேகம் என்றார். என்னைச் சுற்றி நின்று படித்தவர்கள் எல்லோரும் மும்முரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட ஒரு துணியைக் கொடுக்கவில்லை. எத்திராஜ் மட்டும், "இன்னா சார், மாடு கரீட்டாதான வந்துச்சு?" என்று தன் மேல் குற்றம் வராமல் பார்த்துக்கொண்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு நழுவிவிட்டான்.

நான் உள்ளே போகத் திரும்பினேன். அப்பா வாசலை மறித்துக் கையை விரித்தார்.

"தாண்டினவன் திரும்பி உள்ள வரக் கூடாது. போற காரியம் கெட்டுடும்."

"அப்பா, நாறுதுப்பா."

"நாறட்டும். உள்ள மட்டும் வராத."

உள்ளே அவருக்குப் பின்னால் அம்மா. "ஐஸ்வர்யம்னா அதை நீங்க பூசிக்கிட்டு ஆபீஸ் போங்க. பிள்ளைய உள்ள விடுங்க" என்று கத்தினாள். அவர் அசையவில்லை. கடைசியில் அம்மா பக்கவாட்டுக்குப் போய், காம்பவுண்டுச் சுவர் மேலாக ஒரு துண்டையும் சோப்பையும் எறிந்தாள். சட்டை எறிய முடியவில்லை, ஏனென்றால் என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டை என் மேல்தான் இருந்தது. தெருக் குழாயடியில் உட்கார்ந்து முகத்தையும் தலையையும் கழுவினேன். குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீரில் அது வெளியே தெரியாமல் போனது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்ல சகுனம்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில், தெருக்கோடி வேப்பமரத்தடியில் மாசிலாமணியின் இஸ்திரி வண்டி. ஆபீஸ்காரர்களுக்காக விடிந்ததுமே கரி போட்டு ஊதிக்கொண்டிருப்பார். கரிப்புகையும் ஈரத்துணி மேல் பெட்டி இறங்கும் சூட்டு வாசனையும் சேர்ந்து வரும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா தம்பி இது? இன்டர்வூன்னு சொன்னாங்க, குப்பமேட்டுல பொரண்டுகினு வந்த மாரி கீற?"

சொன்னேன். அவர் அப்பாவைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையை இங்கே எழுத முடியாது, ஆனால் அது சரியான வார்த்தை. அடுக்கி வைத்திருந்த துணிகளில் துழாவி, இளநீலத்தில் மெல்லிய கோடு போட்ட ஒரு சட்டையை எடுத்தார்.

"கயட்டு அத்த. இத்த மாட்டிக்க. சாயங்காலம் வந்து குட்த்துரு. குனியாத, மடிப்பு பூடும்."

"யாருதுங்க இது?"

"யார்துன்னா இன்னா? உன்து இல்ல, அவ்ளோதான்."

ஊர்ச் சட்டையை ஊருக்கு வாடகைக்கு விடுவதில் மாசிலாமணி கைதேர்ந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும், சட்டைக்காரர்களுக்கு மட்டும் தெரியாது. எனக்கு அது தொளதொளவென்று இருந்தது. பேன்ட்டுக்குள் திணித்துக்கொண்டு தாம்பரம் போய்ச் சேர்ந்தேன். பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது தோளில் ஒரு கை. கோதண்டம் சார்.

தள்ளி நின்று என்னைப் பார்த்தார். சட்டையை உற்றுப் பார்த்தார். காலரைத் தொட்டும் பார்த்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, அது யாருடைய சட்டை என்று.

"இதே மாதிரி எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார். "ஆனா இந்தத் துணி இன்னும் கொஞ்சம் ஒசத்தி. பாத்தியா, சட்டை மாத்தினதும் பர்சனாலிட்டி வந்துடுச்சு! நான் சொன்னேன்ல?"

இந்த மனிதரிடம்தான் எங்கள் காலனி தன் பிள்ளைகளின் எதிர்காலத்தை ஒப்படைத்திருந்தது. அவருடைய சட்டைக்குள் நின்றுகொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றேன்.

இன்டர்வியூ நடந்த வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோருமே ரூரல் புவருக்குச் சேவை செய்ய வந்தவர்கள். நெய்வேலியோ மதுரையோ, எந்த ஊர் கோதண்டம் சாரோ, எல்லாருக்கும் இதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். இன்று அவர்களில் பலரை எனக்குத் தெரியும். ஒருத்தன்கூடச் சென்னை ஓரத்துக் கூடுவாஞ்சேரியைத் தாண்டிப் போகவில்லை. நானும்தான்.

உள்ளே மூன்று பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னப்பா, மாட்டுக் கொட்டகை வாசனை வருது?"

தலைமுடிக்குள் மிச்சம் இருந்திருக்கிறது. மனப்பாடம் செய்து வைத்திருந்த எல்லாம் போய்விட்டது. "கிளம்பும்போது மாடு வாலால அடிச்சிடுச்சு சார்" என்றேன். தூங்கியவர் விழித்துக்கொண்டார். மூவரும் சிரித்தார்கள். மாட்டுக்கு எத்தனை வயிறு என்று கேட்டார் காபிக்காரர். ஒரே வயிறுதான், அதில் நாலு அறை என்றேன். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று கேட்டார்கள், சொன்னேன். மாட்டிலிருந்து மனிதனுக்கு என்னென்ன வியாதி வரும் என்று கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னேன். மாட்டைத் தவிர வேறெதையும் அவர்கள் கேட்கவே இல்லை. "பாவம், காலையில பால் கறந்துட்டு வந்திருக்கான். இவன்தான்யா நிஜமா கிராமத்துப் பையன்" என்று நடுவில் இருந்தவர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பால் பாக்கெட்டைக்கூட ஒழுங்காக வெட்டத் தெரியாதவன் நான். இவர்களும் அவ்வளவுதான்.

இடம் கிடைத்தது. செய்தி வந்த அன்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். "எல்லாம் அந்த மாடுதாங்க. இவன் என்ன படிச்சு கிழிச்சான்? மாடு தொட்டு அனுப்பிச்சு." அன்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. நான் படித்து முடித்தபோதும் மாடு, வேலை கிடைத்தபோதும் மாடு, கல்யாணத்தில் சம்பந்தியிடமும் மாடு. கண்ணெரிய எரியப் படித்த ராத்திரிகளுக்கெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. "நீ படிச்சே, உனக்குக் கிடைச்சுது" என்று ஒரு தடவை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கேட்கக் கிடைக்காததால் அவரை மட்டமாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன். இன்டர்வியூவில் மாட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள் என்பதை அவரிடம் மூச்சுவிடவில்லை. அது தெரிந்திருந்தால் அவரைக் கையில் பிடித்திருக்க முடியுமா?

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு ஓர் ஆபரேஷன். தாம்பரத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"டேய், வாசல்ல ஏதாவது மாடு நிக்குதான்னு பாத்துட்டு வாடா."

எரிச்சலோடுதான் போனேன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று மாடு தேடினேன். மற்ற நாளெல்லாம் நடு ரோட்டில் படுத்துக் கிடக்கும் மாடுகளில் ஒன்றைக்கூட அன்றைக்குக் காணோம். திரும்பி வந்தேன். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அன்னிக்கு இன்டர்வியூல மாட்டைப் பத்திதான்ப்பா கேட்டாங்க. வேற ஒண்ணுமே கேக்கல. நீங்க சொன்னது சரி. மாடுதான் வாங்கிக் குடுத்துச்சு."

துள்ளுவார் என்று நினைத்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அடப் போடா. மாடு எங்கயாவது சீட்டு வாங்கித் தருமா? நீ படிச்சே, குடுத்தான். உன் படிப்புன்னு ஊருக்குச் சொன்னா கண்ணு பட்டுடும்னுதான் மாட்டு தலையில போட்டேன். உனக்குமா புரியல? நீ என்னடா டாக்டரு?"

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் நடைபாதையில் நின்று அழுதேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அப்புறமும் பல வருஷம் இருந்தார், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஆபரேஷன் செய்த டாக்டரை விட்டுவிட்டு எதிர்ப்பட்ட மாட்டைப் புகழ்ந்தார். அப்படி ஒரு மாடு எதிர்ப்படவே இல்லை என்பது, நான் வாய்விட்டுச் சொல்லாமலே, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அவரும் போய்விட்டார். எத்திராஜின் கொட்டகை இருந்த இடத்தில்தான் எங்கள் அடுக்குமாடி நிற்கிறது. மாசிலாமணியின் வேப்பமரம் ரோட்டை அகலப்படுத்தியதில் போனது. கோதண்டம் சாரின் வீட்டை இடித்து கோச்சிங் சென்டர் கட்டியிருக்கிறார்கள், அது பொருத்தம்தான்.

நேற்று அந்த வாட்ஸப் குழுவைத் திரும்பத் திறந்து பார்த்தேன். என் மகளின் படத்துக்குக் கீழே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த சென்டர்? எத்தனை மணி நேரம் படித்தாள்? எவ்வளவு மார்க்? இத்தனை கண்ணும் அவள் மேல். அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுகூடத் தோன்றியது. இவ்வளவு படித்தும் அப்பாவின் பிள்ளையாகத்தான் இருக்கிறேன். "எல்லாம் கீழே நிற்கிற அந்த மாடுதான்" என்று டைப் செய்துகொண்டே, ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

மாநகராட்சி வண்டி வந்து பிடித்துக்கொண்டு போயிருந்தது. காவலாளி ஃபினாயில் ஊற்றி அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வாழைப்பழத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, டைப் செய்ததை அழித்தேன். என் பெண்ணின் படிப்பைத் தூக்கித் தலையில் போட ஒரு மாடுகூட இல்லை.