வளைந்த கிளாம்ப்

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் இது நடந்தது. பொள்ளாச்சிப் பக்கம், சென்ற ஐப்பசியில், பகல் வெளிச்சத்தில். நேரம்கூடச் சொல்கிறேன்: மாலை 4.10.

கீதாவும் அவள் கணவன் கிருபாசங்கரும் தென்னந்தோப்போடு ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினார்கள். கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கி இறக்கும் தகரக் கட்டர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புதிதாக பிவிசி கட்டர் மாட்ட வேண்டும். புளியமரம் இலை கொட்டும், அகலமானதாகப் போட்டு, தண்ணீர் இறங்க இரண்டு பைப் வைக்கலாம் என்றாள் கீதா. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒடுக்கமான கட்டர், ஒரே பைப். போதாததற்கு, கட்டரைத் தாங்கும் பழைய இரும்பு கிளாம்ப்புகளையே திரும்ப மாட்டச் சொன்னான். நல்ல இரும்பைத் தூக்கி எறிய எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மனசு வராது.

"இதொண்ணு வளைஞ்சிருக்குதுங்க. வேண்டாமுங்க," என்றார் மாட்ட வந்த கண்ணையா.

"அதெல்லாம் தாங்குமுங்க. மாட்டுங்க."

முதல் மழை. அந்த வளைந்த கிளாம்ப் இருந்த இடத்தில் மட்டும் கட்டர் அடைத்துக்கொண்டது. புளியிலைதான். ஆனால் புளியமரம் நின்றது வீட்டின் மறுமூலையில்.

இரண்டாம் மழை. அதே இடம். மழை விட்டதும் கீதா வெளியே வந்தாள். அவளே தாழ் போட்ட கேட்... திறந்து கிடந்தது.

மூன்றாம் மழையிலும் அப்படியே. "காத்தா இருக்கும் அம்மணி," என்று சிரித்தான் கிருபாசங்கர். கீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் மழை சரியாக நான்கு மணிக்குப் பிடித்தது. கட்டர் நிரம்பி, தண்ணீர் சுவரோடு வழிந்து மெயின் சுவிட்ச் போர்டை நோக்கி இறங்கியது. கரண்ட் போயிருந்தது. திடீரென்று வந்துவிட்டால்? கிருபாசங்கர் இரும்பு ஏணியைச் சாத்தி ஏறினான். பன்னிரண்டு அடி உயரம். கீழே பாசி பிடித்த சிமெண்டுத் தரை.

"நல்லாப் புடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் கையெடுத்துப்போடாதே."

4.10. மேலே இலையை வழிக்கும் சத்தம். சர்ர்... சர்ர்...

கேட்டில் கொக்கி ஆடும் சத்தம். டக்... டக்...

"அம்மணி... கேட்டைத் தொற."

கிருபாசங்கரின் குரல். சந்தேகமே இல்லை. ஆனால் வந்தது கேட் பக்கமிருந்து.

கீதா அண்ணாந்து பார்த்தாள். கண்ணெல்லாம் மழை. இரண்டு குதிகால்கள் மட்டும் தெரிந்தன.

"ஏனுங்க! மேல நீங்கதானுங்களா?"

மேலே சர்ர்... சத்தம் நின்றது.

"அம்மணி... நனையறேன்... சீக்கிரம் வா."

குரல் நெருங்கியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம்.

ஏணியின் ஒரு கால் வழுக்கியது. கீதா நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள்.

காதோரம் மூச்சுக் காற்று.

"விடு."

விடவில்லை.

கண்ணை இறுக மூடினாள்.

மேலே மடமடவென்று அடைப்பு உடைந்து தண்ணீர் பைப்பில் பாய்ந்தது. ஒரு கால் படியில் இறங்கியது. இன்னொரு கால். கிருபாசங்கர்.

"ஆருகூடப் பேசிட்டிருந்தே?"

கேட் திறந்து கிடந்தது. மணி 4.14.

மறுநாள் அந்த கிளாம்ப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வீட்டின் பழைய சொந்தக்காரி ராசாத்தாளைத் தேடி கீதா பொள்ளாச்சி டவுனுக்குப் போனாள். நடந்ததை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கிளாம்ப்பை மட்டும் எடுத்து முன்னால் வைத்தாள்.

ராசாத்தாளின் முகம் வெளுத்தது. "கேட்டைத் தொறக்கச் சொல்லுச்சா, கண்ணு?"

கீதா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ஏணிய உட்டுப்போட்டியா?"

"இல்லீங்க."

"நான் உட்டுப்போட்டேன் கண்ணு. எங்க ஊட்டுக்காரர் குரலாச்சேன்னு ஓடினேன். கேட்டுல ஆரும் இல்ல. திரும்பிப் பார்த்தா, அவரு இதைப் புடிச்சுத் தொங்கிட்டிருந்தாரு. நான் வாரதுக்குள்ள..."

அந்தம்மாள் அழுது முடித்ததும் கீதா மெதுவாகக் கேட்டாள்.

"அவர் தொங்கினதுலதான் இது வளைஞ்சதுங்களா?"

ராசாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல கண்ணு. நாங்க அந்த ஊட்டுக்குக் குடி வந்தப்பவே அது வளைஞ்சுதான் இருந்துச்சு."