தூக்காத மஞ்சள் கொடி

நான் அன்று கொடியைத் தூக்கவில்லை. தூக்கினேன் என்று சொன்னேன்.

இவ்வளவுதான் என் குற்றம். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன், பாருங்கள்! ஆனால் சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல், முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜமுனாமரத்தூரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். மலைமேல் வேலை போட்டாலே தண்டனை என்று நினைத்து, வந்த வேகத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். எனக்கு என்னவோ அந்த ஊர் பிடித்துப்போயிற்று. கல்யாணப் பேச்சை எடுக்கும் உறவுக்காரர்கள் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு ஏறி வரமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

அப்போதுதான் அந்தக் கழகத்துக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஆலங்காயம், திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கத்து இளைஞர்கள் சேர்ந்து நடத்திய மோட்டார் சைக்கிள் பந்தயக் கழகம். தார் ரோட்டுப் பந்தயமல்ல. மேட்டிலும் பள்ளத்திலும் புழுதியிலும் சுற்றிச் சுற்றி ஓட்டுவது. மோட்டோகிராஸ் என்பார்கள். மலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் மோட்டார் ஜாத்திரை. இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை.

அடிபட்டால் கட்டுப்போட ஒரு நர்ஸ் இருந்தால்தான் அனுமதி என்று போலீசில் சொல்லிவிட்டார்களாம். மருந்துப் பெட்டியோடு போய் ஓரமாக உட்கார்ந்தேன். அடுத்த பந்தயத்தில் செயலாளராகவே ஆகிவிட்டேன்! அந்தப் பையன்களுக்கு வண்டியை உறுமவிடத் தெரியும். ஊர்ப் பெரியவர் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

சாமை அறுத்து முடிந்த கொல்லைகளில்தான் பந்தயம். நிலத்துக்காரர் வெள்ளையன் இரண்டே நிபந்தனைகள் போட்டார்.

"சாமி கல்லச் சுத்தித்தான் வண்டி போவணும் சிஸ்டர். வண்டி மிதிச்ச நெலம் கெட்டியாப் பூடும். ஆனதால ஜாத்திரை முடிஞ்சா நீங்கதான் உழுது குடுக்கணும்."

ஒப்புக்கொண்டோம். அதுவே கழகத்தின் வழக்கமாயிற்று. ஜெயித்தவன் மறுநாள் ஏர் பிடித்து முதல் சால் ஓட்ட வேண்டும். முந்தின நாள் காற்றில் பறந்தவன், மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்க்க ஊரே கூடும். பந்தயத்தைவிட அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

தணிகாசலம் மட்டும் தடுமாறியதில்லை. ஏர் பிடித்தாலும் நேராகப் பிடிப்பார்.

ஆலங்காயத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்தார் அவர். பழைய வண்டி ஒன்றைப் பிரித்து, தானே மாற்றிக் கட்டி ஓட்டினார். கீழே நிற்கும்போது சாதாரண ஆள். கூட்டத்தில் இருந்தால் கண்ணில் படமாட்டார். வண்டியில் ஏறி அந்த மேட்டைத் தாண்டும்போது... எப்படிச் சொல்வேன்? இருக்கையிலிருந்து எழுந்து, முழங்கால்களைத் தளர்த்தி, மண்ணைவிட்டு எழும்பும் அந்த நொடியில் அவர் முகத்தில் ஒரு அமைதி வரும். நான் அதை மூன்றாவது சுற்றிலோ நான்காவது சுற்றிலோ முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் ஆசை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவ்வளவு ஆசை!

அவரோ எல்லோரையும்போல என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். நர்ஸ் வேலையில் இப்படி ஒரு கொடுமை இருக்கிறது.

பந்தயத்துக்குப் பந்தயம் காத்திருந்தேன். கல் பொறுக்கி, சுண்ணாம்புக்கோடு போட்டு, புழுதி அடங்க மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் தெளித்து, கொடிகள் தைத்து... எல்லாம் ஊருக்காகச் செய்வதுபோல இருக்கும். எனக்குத்தானே தெரியும், யாருக்காகவென்று!

பிறகு அந்தக் கடைசிப் பந்தயம் வந்தது. அவருக்குக் கடைசி. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அங்கே பெரிய பந்தயக் குழு ஒன்றை நடத்துகிறவர். ஓட்டுவதற்கு ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஜெயிக்கிறவனுக்கு வேலை, தங்க இடம், புது வண்டி. வேலூரிலிருந்து வந்த ஒருவரும் தணிகாசலமும்தான் போட்டியில் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் கூட்டத்துக்கு வந்தவர்கள்.

காலையில் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"ஜெயிச்சிட்டா அப்டியே பெங்களூரு போய்ட்டு செட்டில் ஆயிடுவேன் சிஸ்டர். இந்தப் பக்கம் இன்னாத்துக்கு வரப்போறேன்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். நல்லா இருங்க என்றுகூடச் சொன்னேன்.

மேட்டுக்குக் கொடி பிடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. நானே போய் நின்றேன். மேட்டின் உச்சியில் நின்றால் ஏறி வருகிறவரையும் தெரியும், அந்தப் பக்கம் இறங்குகிறவரையும் தெரியும். ஏறி வருகிறவனுக்கு மட்டும் அந்தப் பக்கம் தெரியாது. அதற்காகத்தான் அங்கே ஆள். மறுபக்கம் யாராவது விழுந்து கிடந்தால் மஞ்சள் கொடியைத் தூக்கிக் காட்ட வேண்டும். கொடியைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. கண்ணை நம்பி ஓட்ட முடியாத இடத்தில் கொடியை நம்பி ஓட்டுகிறார்கள். நான்தானே எல்லோருக்கும் இதைப் பாடம் எடுத்தவள்!

கடைசிச் சுற்று. ஒரு சுற்று பின்தங்கியிருந்த அன்வர் மேட்டைத் தாண்டி இறங்கும்போது சறுக்கி விழுந்தார். வாணியம்பாடிக்காரர், தணிகாசலத்தின் உயிர்நண்பர். வண்டி அவர் காலின்மேல் கிடந்தது. எழ முயன்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன்.

இந்தப் பக்கம் வேலூர்க்காரரும் தணிகாசலமும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தணிகாசலம் ஒரு வண்டி தூரம் பின்னால். முந்த வேண்டுமென்றால் இந்த மேட்டில்தான் முந்த வேண்டும். அவர் இருக்கையிலிருந்து எழுவதைப் பார்த்தேன்.

கொடி என் கையில்தான் இருந்தது. மஞ்சளில் தோய்த்துக் காயவைத்த வேட்டித் துணி. தூக்குவதற்கு நேரமும் இருந்தது. தூக்கினால் அவர் உட்கார்ந்துவிடுவார். இனி அவர் அப்படி எழும்புவதை நான் எப்போதும் பார்க்க முடியாது... ஒரே ஒரு தடவை, கடைசியாக... இப்படியெல்லாம் யோசித்தேனா? தெரியவில்லை. கை எழவில்லை என்பது மட்டும் தெரியும்.

அவர் பறந்தார். என் தலைக்கு மேலே அந்த முகம் போயிற்று.

பிறகு ஒரு அலறல் கேட்டது. அப்போதுதான் கொடியைத் தூக்கினேன்.

வேலூர்க்காரரின் வண்டி நூலிழையில் ஒதுங்கிப் போய்விட்டது. தணிகாசலத்தின் சக்கரம் அன்வரின் கால்மேல் இறங்கியிருந்தது. அப்படியும் சமாளித்து முதலாவதாகக் கோட்டைத் தொட்டுவிட்டு, வண்டியைப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடி வந்தார். நான் மண்டியிட்டு மூங்கில் பத்தை வைத்து அன்வரின் காலைக் கட்டிக்கொண்டிருந்தேன். கை நடுங்கவேயில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

கழகத் தலைவர் மூச்சிரைக்க வந்து நின்றார். பின்னாலேயே பெங்களூர்க்காரரும் வந்தார்.

"கொடி தூக்கினீங்களா சிஸ்டர்?" என்று தலைவர் கேட்டார்.

அந்த மேட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது. அன்வர் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தவர். வேலூர்க்காரர் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போவதில்லை. பின்னால் வந்த மூன்று பேரோ கொடியைப் பார்த்தோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வரும்போது கொடி மேலேதான் இருந்தது.

"தூக்கினேன்" என்றேன்.

முதலில் பயம்தான். ஒரு மனிதனின் கால் என்னால் போனது என்று தெரிந்தால் வேலை என்னாகும், மானம் என்னாகும் என்ற பயம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் வாயைவிட்டு வெளியே போகும்போதே இன்னொன்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் கொடியில் முந்தியவனுக்கு வெற்றி கிடையாது. அப்படியானால் இவர் பெங்களூர் போகமாட்டார்... இங்கேயே இருப்பார்! சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் என் மனசு குளிர்ந்தது. கையில் அன்வரின் ரத்தம் இருந்தது.

தணிகாசலம் என்னையே பார்த்தார். அவர் கண் அவருக்கு ஒன்று சொல்லியிருக்கும். நான் ஒன்று சொல்லிவிட்டேன்.

"சிஸ்டர் தூக்கினேன்னு சொன்னா தூக்கித்தான் இருப்பாங்க" என்றார். "நான்தான் பாக்கல."

வேலூர்க்காரர் பெங்களூர் போனார். போகுமுன் மறுநாள் முதல் சால் உழுததும் அவர்தான், கோணல்மாணலாக. யாரும் சிரிக்கவில்லை.

தணிகாசலம் வண்டியை விற்றுவிட்டார். அன்வரைக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே கிடந்தார். கால் கூடிற்று, ஆனால் கட்டையாகக் கூடிற்று. நடையில் இழுப்பு நிரந்தரமாகிவிட்டது. நான் லீவு போட்டுவிட்டு அன்வரைப் பார்க்கப் போவேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு! போகும்போதெல்லாம் தணிகாசலம் கட்டிலருகில் இருப்பார். பேசுவோம். டீ வாங்கித் தருவார். பஸ் ஏற்றிவிட வருவார். எந்த மாதத்திலோ சிஸ்டர் போய் விமலா ஆயிற்று. எங்களுக்குத் தரகு பார்த்தது என் பொய்தான். கல்யாணத்துக்கு அன்வர் தாங்கித் தாங்கி நடந்து வந்து பிரியாணிக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார்.

ஆசைப்பட்டது கிடைத்தது. அப்புறம் என்ன என்கிறீர்களா?

கழகம் இன்னும் சில ஆண்டுகள் நடந்தது. ஓட்டச் சொன்னால் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். ஆனால் ஒவ்வொரு பந்தயத்திலும் அந்த மேட்டில் கொடி பிடிக்க அவரேதான் நிற்பார். தூரத்தில் ஒருவன் இருமினால்கூடக் கொடி மேலே போய்விடும். பையன்கள் கேலி செய்வார்கள். நான் கீழே மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வண்டிகள் அவர் பக்கத்தில் எழும்பி எழும்பி இறங்கும். அவர் எந்த வண்டியையும் பார்க்கமாட்டார். கண் மறுபக்கத்து மண்ணிலேயே இருக்கும்.

எனக்கு அவர் பறக்க வேண்டும். அந்த முகம் வேண்டும். பக்கத்திலேயே படுத்திருக்கிற மனிதனுக்காக ஒருத்தி ஏங்க முடியுமா? முடியும். நான் ஏங்குகிறேன். நல்ல கணவர், கோபித்துக்கொள்ளத் தெரியாதவர், என் கைச் சோறு எப்படி இருந்தாலும் பேஷ் என்பவர். நான் ஆசைப்பட்ட ஆளோ அந்த மேட்டைத் தாண்டி இறங்கவே இல்லை.

ஒருமுறை சொல்ல முயன்றேன். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மலைக்குப் போயிருந்தோம். பஸ்ஸுக்கு நேரமிருந்தது, நடந்து அந்தக் கொல்லைப் பக்கம் போனோம். சாமை விளைந்து நின்றது. மேடு பாதி கரைந்திருந்தது. இதைவிட நல்ல இடம் வாய்க்காது என்று தோன்றியது.

"அன்னிக்கு அந்தக் கொடி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியில், நடுவெட்டவெளியில், அவர் அப்படிச் செய்கிறவரே அல்ல.

"அத இன்னாத்துக்கு இப்போ? உனக்கு ஒன்னு தெரியுமா விமலா... அன்னிக்கு நம்ப பசங்க அத்தன பேரும், பாத்தோம்னு சொன்ன மூணு பேரும்கூட, எனக்காகப் பொய் சொல்ல ரெடியா இருந்தாங்க. தலைவரே கண்ணு காட்டினாரு. நீ ஒருத்திதான் நடந்தது நடந்தபடி சொன்ன. எனக்கு வலிச்சிது, இல்லன்னு சொல்லல. ஆனா கட்டினா இப்டி ஒருத்தியத்தான் கட்டணும்னு அங்கியே நெனச்சிட்டேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லுங்கள். நீங்கள் என்னைவிட நல்லவராக இருக்கலாம். நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

அன்றிலிருந்து அது பெரிய பாரமாகிவிட்டது. அதுவரை அவருடைய பெங்களூரைத்தான் திருடியிருந்தேன். இப்போது சொன்னால் அவர் கட்டிக்கொண்ட பெண்டாட்டியையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வேன். சொல்லாததும் திருட்டு, சொன்னாலும் திருட்டு... இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சமாதானம்தான் அது, நியாயமல்ல. எனக்குத் தெரியும்.

இப்போது ஆலங்காயத்திலேயே இருக்கிறோம். எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எங்க வூட்டம்மா தலை போனாலும் பொய் சொல்லமாட்டாங்க என்று அவர் கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி உண்டாக்கிய பெயர். வேலித் தகராறு, குழாயடிச் சண்டை, எது வந்தாலும் என்னிடம் வருகிறார்கள்.

நேற்றும் எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்கள். வேனை யார் இடித்தது என்று சண்டை.

"நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க சிஸ்டர். நீங்க சொன்னா நாங்க ஒத்துக்கறோம்" என்றார்கள்.

பார்த்ததைச் சொன்னேன். ஒத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார். அவ்வளவு பெருமை அந்தக் கண்ணில்! மேட்டில் கொடியைத் தூக்கிய பெண்ணைப் பார்க்கிறார் அவர். அப்படி ஒருத்தி அங்கே நிற்கவே இல்லை.