மெத்தைக்குப் பிடித்த குடை

“…அழுது என்ன புள்ள ஆவப்போவுது? இங்க கெடக்குற ஈரம் பத்தாதுன்னு நீ வேற ஊத்துறியா?”

பக்கத்துக் காம்பரா அக்கா என் வாசற்படியில் நின்று இப்படிக் கேட்டபோது, மழைக்காக அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொழுந்து பறித்துவிட்டு வந்தவர் அதை அவிழ்க்கக்கூட இல்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துவாயால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். அழுகைக்குக் காரணம் ஒரு மெத்தை. என்னுடையது இல்லை, அவருடையது.

கல்யாணம் முடிந்து, நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வந்து அப்போது மூன்று மாதம். ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைக்கு இங்கே லயம் என்று பெயர், அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. நான் வவுனியாப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா, அம்மாவும் ஒரு காலத்தில் மலையிலிருந்து இறங்கிப் போனவர்கள்தான் என்பதால் பேச்சில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மழையில்தான் தெரிந்தது. எங்கள் பக்கம் மழை வந்தால் விருந்தாளி வந்த மாதிரி. வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று பார்ப்போம், மண் வாசத்தை இழுத்து இழுத்து முகர்வோம். இங்கே மழை வீட்டு ஆள். வந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, போனால்தான் “எங்க காணோம்?” என்று தேடுவார்கள்.

வந்த புதிதில் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற நானாவிடம், “நானா, இந்த மழை எப்ப விடும்?” என்று கேட்டேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எந்த மழையக் கேக்குறீங்க தங்கச்சி? இப்ப பேயுறதையா, முந்தாநாளு தொடங்கினதையா?” என்றார். அந்தப் பேச்சை வழி நெடுகச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் ஆட்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் வீட்டுக்கு வந்து அதே இழுவையில் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் ஹட்டனில் ஒரு கடையில் வேலை. முதல் பஸ்ஸுக்குப் போனால் இருட்டினபிறகுதான் வருவார். பகலெல்லாம் எனக்கு இந்தப் பொறுக்கல்தான்.

பார்க்கவும் நிறைய இருந்தது. ஈரம் ஏறாமல் இருக்க உப்பு டின்னுக்கு அடுப்பு மேட்டில் இடம். நெருப்புப் பெட்டிக்கு அரிசிக்குள் இடம். சோறாக்க அரிசி அள்ளும்போது அதுவும் கையோடு வரும். அடுப்புக்கு மேலே குறுக்கே ஒரு கம்பி, அதில் எந்நேரமும் துணி. அதனால் எங்கள் ஆட்கள் எல்லோர் மேலும் புகை மணக்கும், பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே பக்கத்தில் தோட்டத்து ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். வீட்டுக்கு யார் வந்தாலும் நாற்காலி காட்டுவதில்லை, அடுப்பைக் காட்டுவார்கள்.

அதைவிட அதிசயம் வெயில். எங்காவது மேகம் விலகினால் மேல் லயத்திலிருந்து யாராவது “வெயிலு!” என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அவ்வளவுதான், தீப்பிடித்த மாதிரி ஓட்டம். ஒரு நாள் இரண்டு பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் நல்ல சண்டை. சத்தம் வந்ததும் இரண்டு பேரும் ஓடிப்போய்த் துணி, பாய், மிளகாய் எல்லாவற்றையும் வெயிலில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, விட்ட வார்த்தையிலிருந்தே சண்டையைத் தொடங்கினார்கள். நான் அவர்கள் சண்டையை ரசித்தேனே தவிர, அந்த ஓட்டத்தின்போது ஒருத்தி துணியை மற்றவள் உதறிப் போட்டதைக் கவனித்தும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

எனக்கு அம்மா சீதனமாய்த் தந்தது ஓர் இலவம்பஞ்சு மெத்தை. வவுனியா வெயிலில் நாள் கணக்காய்க் காய்ந்தது. அதை லொறியிலிருந்து இறக்கிய அன்று பக்கத்துக் காம்பரா அக்கா அதில் முகத்தை வைத்து மோந்துவிட்டு, “இங்க வாங்கடி, மெத்தையில வெயிலு மணக்குது!” என்று கூவினார். லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தராய் வந்து, மல்லிகைப்பூவை மோப்பது மாதிரி என் மெத்தையை மோந்துவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அக்காவின் மகளுக்கு அப்போதுதான் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை, எடை குறைவு. சம்பந்தியம்மா ஆஸ்பத்திரியில் துணைக்கு நின்றார். குளிரோ ஈரமோ படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் அங்கேயிருந்து அனுப்புகிறார்கள், வியாழக்கிழமை பின்னேரம் தாயும் பிள்ளையும் இங்கே வருகிறார்கள் என்று சேதி வந்தது. அதற்காகவே அக்கா பழைய மெத்தைக்குப் புதுப்பஞ்சு அடைத்து வைத்திருந்தார். ஆனால் பத்து நாளாய் வெயிலே இல்லை. மெத்தையைத் தொட்டால் கை சில்லென்றது. ஓரத்தில் பூஞ்சணம் மாதிரி ஒரு வாடை. “ரெண்டே ரெண்டு மணி நேரம் வெயிலு. வேற ஒண்ணும் கேக்கல சாமிகிட்ட” என்று தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த வெயில் வந்தது.

அன்று கொழுந்து பறித்த மலை லயத்துக்குக் கிட்ட. அக்கா கங்காணியிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தார். மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய், லயத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய கல்லின் மேல் விரித்தார். அவர் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் வந்து துணிகளைக் கொடியில் போட்டார்கள். போகும்போது அக்கா என்னைப் பார்த்து, “நீ வீட்டுலதானே இருக்க?” என்றார்.

“ஆமாங்கக்கா.”

“சரி புள்ள.” கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, நிம்மதியாய்ப் போனார்.

ஒரு மணி இருக்கும். மலை உச்சியிலிருந்து பனி இறங்கியது, பின்னாலேயே மழை. நான் ஓடிப்போய்க் கொடியிலிருந்த என்னுடைய ஐந்து துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, பனி நுழையாமல் கதவைச் சாத்தினேன். பிறகுதான் ஜன்னல் வழியாகக் கல்லைப் பார்த்தேன்.

அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் நான் வளர்ந்த வளர்ப்பு வேறு. எங்கள் ஊரில் அடுத்தவர் கொடியில் கை வைத்தால் அது ஒரு வழக்கு. காற்றில் விழுந்த பக்கத்து வீட்டுத் துவாய் ஒன்றை என் அம்மா மடித்து வைத்துக் கொடுக்கப் போய், “எங்க துணி ஒங்க வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?” என்று தொடங்கிய பகை இரண்டு வருஷம் ஓடியது. அடுத்த ஆளின் பொருளைக் கேட்காமல் தொடாதே என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தார். அதுவும் பிள்ளை பெற்றவள் படுக்கப்போகிற மெத்தை. நான் நேற்று வந்தவள். யாராவது வருவார்கள், வீட்டு ஆள் வந்து எடுப்பதுதான் முறை என்று நின்றேன். யாரும் வரவில்லை. லயத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை என்பதே எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கினேன். வரவில்லை. பஞ்சு தண்ணீர் குடித்துவிட்டால் இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. இழுத்தேன், கல்லில் உரசித் தையல் பிரிகிற சத்தம் கேட்டது, விட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் மெத்தைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஏற்கனவே முழுதாய் நனைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். குடையின் அகலம் அதன் நடுப்பகுதிக்குக்கூடப் போதாது என்றும் தெரியும். ஆனாலும் கையை இறக்க முடியவில்லை.

மழை வலுத்ததும் பெண்கள் ஓடி வந்தார்கள். என்னை முதலில் பார்த்தவள் கடைசிக் காம்பராக்காரி, நாக்குக் கூர்மையானவள்.

“ஏய், வவுனியாக்காரி மெத்தைக்குக் கொடை புடிக்கிறா பாருங்கடி! சளி புடிச்சிரும்னு பயம் போல. ஒரு பிளேன்டீயும் ஊத்திக் குடு தாயி!”

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு கொடியைப் பார்த்தார்கள். அவரவர் துணி எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்க, என் இடம் மட்டும் காலியாக இருந்தது. சிரிப்பு நின்றுபோனது.

“ஒன்னோடத மட்டும் எடுத்தியா?” என்றாள் அவள். இந்த முறை கேலி இல்லை. “லயத்துல ஒரு ஆளு இருந்தா லயத்துத் துணி பூரா அந்த ஆளுது. ஒனக்குத் தெரியாது?”

“யாரும் சொல்லலீங்க.”

“மூக்கால மூச்சு விடணும்னு வந்தவளுக்கு ஒக்கார வெச்சுச் சொல்லியா குடுப்பாங்க?”

வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லிப் பார்த்திருப்பேன்.

அக்கா கடைசியாக வந்தார். யாரையும் திட்டவில்லை. மெத்தையில் உள்ளங்கையை வைத்து அமுக்கினார், விரல்களுக்கிடையில் தண்ணீர் ஏறியது. நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கி, முறுக்கி, அக்காவின் அடுப்புக்கு முன்னால் சாய்த்து வைத்தார்கள். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். பெரிய விறகாய் வைத்து எரித்தார்கள். ஒரு பக்கம் ஆவி வந்தது, மறுபக்கம் தரையில் தண்ணீர் ஓடியது. இந்த மழைக்காலத்தில் அது காய மாசக்கணக்காகும், அதற்குள் பஞ்சு அழுகிவிடும் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அக்காவின் போன் அடித்தது. மருமகன். “ஹட்டன்ல ஆட்டோ ஏறிட்டோம் அத்தை, புள்ள தூங்குறா.”

“மெதுவா வாங்க தம்பி” என்றார் அக்கா. “ரோடு வழுக்கும், மெதுவாவே வாங்க.” அப்படிச் சொல்லும்போது அவர் பார்வை சிமெந்துத் தரையில் இருந்தது. ஒரு பாயும் இரண்டு சேலையும் போட்டால் அந்தத் தரையின் குளிரை அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் பார்க்கிற பார்வை. நான் அதற்கு மேல் அங்கே நிற்கமுடியாமல் என் காம்பராவுக்கு வந்து அழத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் அக்காவின் குரல் கேட்டது.

“எதுக்கு இப்ப ஒக்காந்து அழுவுற? அழுது என்ன புள்ள ஆவப்போவுது? இங்க கெடக்குற ஈரம் பத்தாதுன்னு நீ வேற ஊத்துறியா?”

நான் பதில் சொல்வதற்குள் படங்கை அவிழ்த்து வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். என் கையிலிருந்த துவாயை வாங்கினார். என் முகத்தைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். தன் தலையைத் துடைத்தார், பிறகு தோளை, கைகளை, ஒவ்வொரு விரலாய். “எந்திரி” என்றார். எழுந்தேன். தலையணை இரண்டையும் எடுத்து நாற்காலியில் வைத்தார், விரிப்பை உருவினார், அம்மா தந்த மெத்தையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை இறுக்கிச் சுருட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு, கூரைத் தண்ணீர் அதன் மேல் விழாமல் சுவரோடு ஒட்டி நடந்து தன் காம்பராவுக்குள் போனார்.